ஆத்தாவோட பதினாலு இஞ்ச் பெட்டி

டிவி கெட்டுப்போனால் பட்டணத்தில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மகன் சென்னையில்தான் இருக்கிறான். போனில் நாலு தட்டு தட்டினால் மறுநாள் புதுசு வாசலில் வந்து இறங்கும். கொண்டுவந்த ஆளே பழசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எத்தனை இஞ்ச் என்பதில்தான் வீட்டில் விவாதம் நடக்கும். இங்கே எங்களுக்கு அது பத்து நாள் யோசனை. அதுவும் மிளகாய்ப் பழம் எடுக்கிற மாசி, பங்குனியில் கெட்டுப்போனால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

எங்கள் வீட்டில் ரெண்டு டிவி. கூடத்தில் ஆறு வருசத்துக்கு முன்னால் வாங்கிய 32 இஞ்ச் எல்இடி. திண்ணையை ஒட்டின அறையில் ஆத்தாவுக்கென்று ஒரு 14 இஞ்ச் கலர் டிவி. பின்னால் புட்டத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பழைய டப்பா, 2009-ல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. இந்த மிளகாய் சீசனில் பத்து நாள் இடைவெளியில் ரெண்டும் படுத்துவிட்டன. எல்இடியில் மேலிருந்து கீழாக ரெண்டு பச்சைக்கோடு விழுந்து, ஒரு பக்கம் முழுக்க மங்கிப்போனது. ஆத்தா டிவியில் பேச்சு வருகிறது, படம் இல்லை. நட்ட நடுவில் படுக்கைவசமாக ஒரே ஒரு வெள்ளைக்கோடு.

மகனிடம் சொன்னேன். "ரெண்டையும் தூக்கிப் போடுங்கப்பா. இந்தக் காலத்துல போய் டப்பா டிவியை யாரு ரிப்பேர் பண்றா? பெருசா ஒண்ணு வாங்கிருவோம், பாதிக் காசு நான் போடுறேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்பேரா புதுசா என்பது காசுக்கணக்கு மட்டும் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த டப்பா டிவி வந்த கதை. 2006 தேர்தலில் வீட்டுக்கு ஒரு கலர் டிவி என்று திமுக வாக்குறுதி கொடுத்தது. அந்த வருசம் செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளன்று திட்டம் தொடங்கியது. 2011 வரைக்கும் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடி வீட்டுக்கு மேல் பெட்டி போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊருக்கு வந்தபோது ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவள் ஆத்தாதான். "இலவசம்னு கொடுத்து ஓட்டு வாங்குறான்" என்று டீக்கடையில் பேசினவர்கள் உண்டு, பேசிக்கொண்டே அதே வரிசையில் நின்றவர்களும் உண்டு. அந்த வாக்குவாதத்துக்குள் நான் போகவில்லை. அதுவரைக்கும் அடுத்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த பொம்பளைகள், அதற்கப்புறம் தன் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அது என் கண்ணால் பார்த்தது.

எங்கள் கரைக்கு டிவி வந்ததே ஒரு தனிக் கதை. சென்னையில் 1975-லேயே தொலைக்காட்சி தொடங்கியாச்சு. ஆனால் அந்த அலை இந்தப் பக்கம் எட்டாது. நாங்கள் முதலில் பார்த்த படம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது 1982-ல். தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் கடல். மலையும் இல்லை, மாடிக்கட்டிடமும் இல்லை, அலை வழுக்கிக்கொண்டு வந்து சேரும். ஊருக்கு ஒன்றிரண்டு பேர் வைத்திருந்த சாலிடேர், டயனோரா பெட்டிகளுக்கு முன்னால் மொத்தத் தெருவும் உட்கார்ந்திருக்கும். இரும்புக் குழாயை ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகி, உச்சியில் ஆண்டெனா கட்டி, ஒருத்தர் மேலே திருப்ப, ஒருத்தர் உள்ளே பார்த்து "தெரியுது தெரியுது... போச்சு" என்று கத்த, நடுவில் ஒருத்தர் வாசலில் நின்று அதை மேலே சொல்லுவார்.

வன்னியில் கொக்காவிலில் இருந்த ரூபவாஹினி அஞ்சல் நிலையம் 1990-ல் போரில் விழுந்தது. அப்புறம் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் 323 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டியது. ராமேஸ்வரம் வந்தவர்களுக்குத் தெரியும், பாம்பன் பாலத்தில் ஏறும்போதே கண்ணில் படும். அதுக்கப்புறம் கேபிள், 2011-ல் மாசம் எழுபது ரூபாய்க்கு அரசு கேபிள், 2017 வாக்கில் பாக்ஸ் என்று மாறிக்கொண்டே வந்தது. ஆண்டெனாவில் பார்க்கிற பழைய அனலாக் ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2022-க்குள் நாடு முழுக்கப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. எங்கள் ஊர் ஆண்டெனாக் குழாய் எல்லாம் இப்போது கோழிக்கூண்டுக்கும் அவரைப் பந்தலுக்கும் நிற்கிறது.

ஆண்டெனா திருப்பின காலத்தில் எங்கள் பக்கம் ஒரு தொழிலே உருவானது. கம்பம் ஏறவும், பெட்டியைக் கழட்டிப் பார்க்கவும் தெரிந்த ஆட்கள். அவர்களிடம் எடுபிடியாக நின்று தொழில் கற்றவர்தான் எங்களுக்கு டிவி பார்க்கிற பாய். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெட்டி அவர் கடையில் வரிசையில் நிற்கும். இப்போது மிக்சி, ஃபேன், கேபிள் பாக்ஸ் ரிமோட் என்று எது வந்தாலும் பார்க்கிறார். மகன் சவுதியில். "எனக்கப்புறம் கடை இல்லைண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

பாய் வந்து ஆத்தா டிவியின் பின்மூடியைக் கழட்டினார். ஒரு கை அளவுக்குத் தூசி. அதுவும் சாதாரணத் தூசி இல்லை, உப்புக்காற்றில் ஈரம் ஏறிப் பிசுக்காக ஒட்டின தூசி. கடலிலிருந்து ரெண்டு மைலுக்குள் இருக்கிற எங்களுக்கு சைக்கிள் செயினும் கதவுத் தாழ்ப்பாளுமே வருசம் தாங்காது. டிவி எம்மாத்திரம்?

"டியூப் நல்லா இருக்குண்ணே. படத்தை மேலயும் கீழயும் இழுக்குற ஐசி செத்துருச்சு, அதான் ஒத்தைக்கோடு" என்றார்.

அது எப்படி என்று கேட்டேன். டப்பா டிவியில் பின்னாலிருந்து ஒரு கதிர் வந்து திரையில் கோடு கோடாக வரைகிறது. இடமிருந்து வலமாக இழுக்க ஒரு பகுதி, மேலிருந்து கீழாக இறக்க ஒரு பகுதி. நம்ம நாட்டுக் கணக்குக்கு ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். கீழே இறக்குகிற பகுதி நின்றுபோனால் அத்தனை கோடும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். அதுதான் நடுவில் தெரிகிற வெள்ளைக்கோடு. பார்க்கத்தான் பயமாக இருக்கிறது, வியாதி சின்னது. அந்த ஐசியையும் காய்ந்துபோன ரெண்டு கண்டன்சரையும் மாற்றி, விட்டுப்போன பற்றவைப்பை மறுபடி வைத்தால் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டப்பா டிவியை வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். டியூப் பக்கம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது உள்ளே தங்கி நிற்கும். தெரிந்த ஆள்தான் கை வைக்கணும்.

சாமானுக்கு எங்கே போவீர்கள் என்று பாயைக் கேட்டேன். பிக்சர் டியூப் செய்கிற தொழிலே உலகம் முழுக்க நின்றுபோன காலம் இது. அவர் சொன்ன பதில்தான் எனக்கு யோசனையைக் கொடுத்தது. "கவர்மெண்டு டிவிக்கு மட்டும் சாமான் பஞ்சமே இல்லண்ணே. தெருவுக்கு இருபது வீட்ல ஒரே டிவி. ஒண்ணு செத்தா அதோட போர்டு பத்துக்கு உசுரு கொடுக்கும்."

அவர் கடைப் பரணில் அப்படிச் செத்த பெட்டிகளின் போர்டுகள் அடுக்கி இருக்கின்றன. ஒரே மாதிரிப் பெட்டியை ஊர் முழுக்கக் கொடுத்ததில் இப்படி ஒரு நன்மை வரும் என்று திட்டம் போட்டவர்களே நினைத்திருப்பார்களா தெரியாது. எங்களுக்கு இது புதுசு இல்லை. ஊரில் எல்லோரும் ஒரே மோட்டார் வாங்கினால் புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் ராமநாதபுரம் டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. ஒருத்தன் மட்டும் அதிசயமாக ஒரு மாடல் வாங்கினான் என்றால், அது நின்ற அன்றைக்கு அவன் பயிரும் நிற்கும்.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய் சொன்னார். தின்னர் வைத்து பிரஷ்ஷால் போர்டைத் துடைத்து, வெயிலில் காயவைத்துத் தருவது அதில் அடக்கம். மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார். டியூப் வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிட்டது, இன்னும் ரெண்டு வருசம் ஓடினால் அதிகம், டியூப் போன அன்றைக்குத் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று.

இதை மகனிடம் சொன்னபோது அவன் கரண்டு பில்லை எடுத்தான். பழைய டிவி கரண்டைக் குடிக்கும், புதுசு மிச்சம் பிடிக்கும் என்றான். சரி, கணக்குப் பார்ப்போம் என்றேன். பதினாலு இஞ்ச் டப்பா அறுபது வாட் அளவுக்கு இழுக்கும். ஆத்தா ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் பார்க்கிறாள் என்று வையுங்கள், ரெண்டு மாசத்துக்குப் பதினெட்டு யூனிட். 32 இஞ்ச் எல்இடி நாற்பத்தஞ்சு வாட் என்றால் பதிமூணரை யூனிட். வித்தியாசம் நாலரை யூனிட். 2016-லேயே ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் வரை வீட்டுக்கு இலவசம் ஆக்கிவிட்டார்கள். பத்தாயிரம் போட்டு நாலரை யூனிட் மிச்சம் பிடிப்பது விவசாயி கணக்கில் சேராது. மகன் சிரித்துவிட்டான். "சரிப்பா, படமாவது பெருசாத் தெரியும்ல அப்பத்தாவுக்கு?" என்றான்.

அந்தக் கேள்வி நியாயமானது. ஆத்தாவுக்கு எழுபத்தி நாலு வயசு. ரெண்டு கண்ணிலும் புரை எடுத்தாச்சு. அதனால் முடிவை அவளிடமே விட்டேன். புதுசு வாங்கித் தரவா என்று கேட்டேன்.

"பெருசு எனக்கு எதுக்கு ராசா. நான் பாக்குறதை விடக் கேக்குறதுதான் அதிகம். இதுன்னா நானே போட்டுக்குவேன்" என்றாள்.

அந்த "நானே போட்டுக்குவேன்" எனக்கு உறைத்தது. கூடத்து டிவியை ஆத்தா ஒரு நாள்கூடத் தானாகப் போட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது போட்டதும் நேராகப் படம் காட்டாது. ஒரு பக்கம் வரும், அதில் ஏதேதோ பெட்டி பெட்டியாக ஓடும், அம்புக்குறியை நகர்த்தி கேபிள் பாக்ஸுக்கு வரணும். டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட். தெரியாமல் ஒரு பட்டனை அமுக்கிவிட்டால் நீலத்திரை. அப்புறம் நானோ என் வீட்டுக்காரியோ காட்டிலிருந்து வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். மிளகாய் சீசனில் நாங்கள் வீடு திரும்ப விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும்.

ஆத்தா டிவியில் அந்தத் தொந்தரவு இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூணு பின் சொருகி அப்படியே விட்டாச்சு. டிவியின் முன்பக்க பட்டனை ஒரு தட்டு, பாக்ஸ் ரிமோட்டில் ஒரு தட்டு. அந்த ரிமோட்டில் அவள் சிவப்பு நூல் ஒன்று கட்டி வைத்திருக்கிறாள், எந்தப் பக்கம் தலை என்று தடவியே தெரிந்துகொள்ள. சேனல் நம்பர் எல்லாம் விரலுக்கு மனப்பாடம். மத்தியானம் நாலு பொம்பளைகள் வந்து சேருவார்கள். சீரியல் பாதி, ஊர்க்கதை பாதி. வெத்தலைப்பெட்டி நடுவில் இருக்கும். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு அந்த அறையில் அவள்தான் ராணி.

கார்த்திகை, மார்கழியில் அவள் பார்க்கிறது சீரியல் இல்லை, வானிலை அறிக்கை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோது அவளுக்குப் பதினாலு வயசு. சேதி இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான் என்று இன்றைக்கும் சொல்லுவாள். 2018-ல் கஜா வந்த ராத்திரி கரண்டு போகிற வரைக்கும் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மேற்கே போகுது, வடக்கே போகுது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு, அடுத்தவர் வந்து போட்டுக் கொடுக்கிற டிவி என்ன பெருசாக இருந்து என்ன?

450 ரூபாயைக் கொடுத்து ரிப்பேர் பண்ணச் சொல்லிவிட்டேன்.

கூடத்து எல்இடிக்கு இதே பாய் வேற மாதிரி சொன்னார். படம் வராமல் பேச்சு மட்டும் வந்து, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் திரையில் லேசாக உருவம் தெரிகிறது என்றால், பின்னால் இருக்கிற விளக்குப் பட்டைதான் போயிருக்கும். அது ஆயிரத்துச் சொச்சத்தில் முடிகிற வேலை, தாராளமாகப் பண்ணலாம். போர்டு போயிருந்தாலும் பெரும்பாலும் பண்ணலாம். ஆனால் எங்களுடையதில் விழுந்தது நெட்டுக்கோடு. திரையின் ஓரத்தில் தலைமுடியை விட மெல்லிசான இணைப்புகளில் உப்பு ஈரம் இறங்கிவிட்டது. அதைத் தனியாக மாற்ற முடியாது, பேனலையே மாற்றணும். பேனல் விலை கிட்டத்தட்டப் புது டிவி விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினஞ்சு வருசப் பெட்டி பிழைத்தது, ஆறு வருசப் பெட்டி போய்ச் சேர்ந்தது. பழசு என்பதால் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. எதைத் தனியாகக் கழட்டி மாற்ற முடியுமோ அது நிற்கிறது, எது ஒரே துண்டாக வருகிறதோ அது மொத்தமாகப் போகிறது. வாங்கின பொருளைப் பழுதுபார்க்க வழி கிடைக்கணும் என்று மத்திய அரசு 2022-ல் ஒரு குழு போட்டு, அந்த வருசக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. நல்ல காரியம். அந்த வழி எங்கள் கரை வரைக்கும் வந்து சேர்ந்தால் இன்னும் நல்லது.

செத்த எல்இடியைப் பாய் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அதன் போர்டு ரெண்டும் நல்லா இருக்கிறது, இன்னும் ரெண்டு வீட்டு டிவியை எழுப்பும் என்றார். புதுசு வாங்க அவசரப்படவில்லை. குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தாலும் விலை என்னவோ எட்டிவயல் சந்தையில் அன்றன்றைக்குச் சொல்வதுதான். மூட்டை போட்டுக் காசு கைக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

இந்த ரெண்டு பெட்டியையும் வைத்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் என்ன போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளணும். "டிவி போச்சு" என்பது வியாதியின் பேர் இல்லை. கேபிளா, பாக்ஸா, ஒயரா, டிவியா என்று பார்க்காமல் புதுசு வாங்கினவர்களை எனக்குத் தெரியும். அடுத்து, ரிப்பேர் கூலி புது விலையில் மூணில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்கணும், பாதியைத் தொட்டால் விட்டுவிடணும். இது பாய் சொன்ன கணக்கு, பம்ப்செட் மோட்டாருக்கும் நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். கடைசியாக, அதை யார் போடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று கேட்கணும். காசு கொடுக்கிறவனுக்கு எது வசதி என்று பார்த்தால் முடிவு தப்பாகப் போகும்.

கடற்கரை ஓரம் வீடு இருக்கிறவர்களுக்குப் பாய் சொன்ன ஒரு யோசனையும் உண்டு. மழைக்காலத்தில் டிவியைப் பல நாள் போடாமல் வைக்காதீர்கள். தினம் அரை மணி நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள் ஈரம் காய்ந்துவிடும். பூட்டி வைத்த வீட்டு டிவிதான் முதலில் சாகும்.

இனி அந்தப் பெட்டிக்கு ரெண்டு வருசம் என்று வைத்துக்கொள்வோம். அதுக்கப்புறம் என்ன என்பதையும் இப்போதே முடிவு பண்ணிவிட்டேன். பழைய இரும்புக்காரருக்குப் போட மாட்டேன். அவருக்கு வேண்டியது டியூப் கழுத்தில் சுற்றின செம்புக் கம்பி மட்டும்தான். அதை உருவிவிட்டு டியூபை உடைத்துக் கண்மாய்க்கரையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கண்மாயின் கலுங்குப் பக்கம் அப்படிக் கிடக்கிற கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. ஆடு மேய்கிற இடம், மழை பெய்தால் அந்தத் தண்ணிதான் வயலுக்கு. மின்கழிவுக்குத் தயாரித்தவர்களே பொறுப்பு என்ற விதி 2012-லிருந்தே நடப்பில் இருக்கிறது. ஒன்றரைக் கோடி பெட்டி வந்து இறங்கிய அளவுக்கு, அதைத் திரும்ப எடுத்துப்போக வண்டி எதுவும் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு வண்டி வருகிற வரைக்கும், டியூப் உடையாமல் எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கும்.

உங்கள் வீட்டு மூலையிலோ, ஊரில் அப்பா அம்மா வீட்டிலோ ஒரு டப்பா டிவி இருந்தால், தூக்கிப்போடச் சொல்கிறதுக்கு முன்னால் அதைப் பார்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கையோடு அந்த ஊர் டிவி மெக்கானிக் யார் என்றும் விசாரித்து வையுங்கள். பெட்டிகளை விட அவர்கள்தான் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.